கைவிளக்கான கதைகள்: ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்

உலகக் குழந்தைகளின் கதையாசிரியர் எனப் போற்றப்பெறுபவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் புரிந்த டேனியரின் தாயகமாகிய டென்மார்க்கே அவர்தம் பிறப்பிடம். 156 கதைகள் படைத்த அவர் பிறந்த ஏப்ரல் 2ஆம் நாள், 1967 முதல் பன்னாட்டுக் குழந்தை நூல் நாளாகக் கொண்டாடப்பெற்று வருகிறது. இப்புகழ் அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. முப்பது அகவை எய்தும்வரை நாடகம், ஆடல், இசை, கவிதை எனப் பல துறைகளில் முயன்று, பலமுறை புறக்கணிக்கப்பட்டவர் அவர். அந்நாளில் அவரைத் தளராது நடத்திச் சென்றவை இளமையில் கேட்ட மாயக்கதைகள். நிலைத்த புகழை ஈட்டித் தந்தவையும் அக்கதைகளே.

கதை கேட்ட காலம்

ஆண்டர்சன் 1805ஆம் ஆண்டு ஃபியூன் தீவிலுள்ள ஓடென்சே நகரில் பிறந்தார். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. தாய் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவர். வறுமை சூழ்ந்த அச்சிறு வீட்டில் நூல்கள் சில இருந்தன. கல்வி கற்கும் வாய்ப்பை இழந்த ஏக்கத்தை நெஞ்சில் சுமந்திருந்த தந்தை, ஆயிரத்தோர் இரவுகள் என்னும் அரபுக் கதைகளையும் ஹோல்பெர்க் என்பாரின் நாடகங்களையும் மகனுக்குப் படித்துக் காட்டினார். பொம்மை நாடக அரங்கு ஒன்றும் செய்து தந்தார்.

பாட்டி, நகரத்து மருத்துவமனைத் தோட்டத்தைப் பேணிவந்தார். அங்கே ஒரு நூற்புக்கூடம் இருந்தது. ஆதரவற்ற முதிய பெண்கள் அதில் நூல் நூற்றவாறு பொழுது போக்குவர். பாட்டியுடன் அங்குச் சென்ற சிறுவர், மனித உடலின் உள்ளுறுப்புகள் இவைதாம் என்று தாம் கற்பனை செய்தவற்றைக் கதவில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுவார். வியந்த மூதாட்டியர் கைம்மாறாகக் கதை சொல்வர். பேயும் மந்திரமும் இளவரசியரும் நிறைந்த அக்கதைகளைக் கேட்டபின், இருட்டிய வேளையில் வெளியே செல்லவும் அஞ்சினாராம் அச்சிறுவர்.

நெப்போலியன் காலப் போரில் படைவீரராகச் சேர்ந்த தந்தை, உடல் நலிந்து திரும்பி 1816இல் காலமானார். அப்போது மகனுக்கு அகவை பதினொன்று. அருகில் வாழ்ந்த பங்கெஃப்லோட் என்னும் அம்மையார், மறைந்த சமயகுரு ஒருவரின் மனைவி; அச்சிறுவருக்கு நூல்களைக் கடனாகத் தந்து உதவினார். கவிஞர் என்னும் சொல்லை மக்கள் மதிப்போடு வழங்குவதை ஆண்டர்சன் முதன்முதல் கேட்டது அவ்வீட்டில்தான்.

தலைநகரில் பட்ட துயர்

1819 செப்டம்பரில், பதினான்கு அகவையில், சேமித்த 13 ரிக்ஸ்டாலர் பணத்துடன் கோபன்ஹேகன் நகருக்குப் புறப்பட்டார். அங்கு அவருக்கு வேலை ஏதும் இல்லை. முதலில் இன்னல் பல உறுவதும் பின்னர்ப் புகழ் பெறுவதுமே பெருமக்கள் வாழ்வின் முறை என்று தாயிடம் விளக்கினார். ஏழைச் சிறுவன் இடர் கடந்து உயர்வான் என்பது கதையுலகின் நியதியன்றோ! அந்நியதியைத் தம் வாழ்வுக்கும் உரியதாக அவர் நம்பினார்.

ஆடல் பயின்றார், உடல் இசையவில்லை. பாடினார், குரல் உடைந்தது. அரச நாடக அரங்கிற்கு எழுதியளித்த நாடகங்கள் திருப்பியனுப்பப்பட்டன. எனினும் அவற்றில் ஒளிக்கீற்று ஒன்றைக் கண்ட அரங்க நிருவாகி யோனாஸ் கொலின், 1822இல் அரசர்தம் நிதியுதவி பெற்று அவரைப் பள்ளியிற் சேர்த்தார். பதினேழு அகவை இளைஞர், தம்மினும் மிக இளைய சிறுவர்களுடன் வகுப்பில் அமர்ந்தார். தலைமையாசிரியர் மைஸ்லிங் அவரை ஓயாது எள்ளி நகையாடினார். கவிதை எழுதுவதற்கும் தடை விதித்தார். இக்கொடுமை 1827 வரை நீடித்தது. பின்னர்க் கொலின் அவரை அங்கிருந்து விடுவித்தார். மறு ஆண்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தேறினார்.

இருமுறை சொன்ன ஒரு கதை

1830இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுதியின் இறுதியில், சிறுவயதில் கேட்ட நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆண்டர்சன் சேர்த்திருந்தார். கற்றோர் மெச்சவேண்டும் என்னும் வேட்கை அதில் மிகுந்திருந்தது. வருணனைகளும் நூற்குறிப்புகளும் நெருங்கி நிற்க, மூதாட்டியின் குரல் அவற்றுள் மறைந்துபோயிற்று.

பின்னர் இத்தாலி முதலிய நாடுகளில் பயணம் செய்து, 1835இல் முதற் புதினத்தை வெளியிட்டுப் பாராட்டுப் பெற்றார். அதே ஆண்டு மே மாதம் 61 பக்கங்கள் கொண்ட சிறு கதைநூல் ஒன்றும் வெளிவந்தது. அதிலுள்ள நான்கு கதைகளுள் மூன்று அவர் இளமையிற் கேட்டவை. அவற்றுள் சிக்கிமுக்கிப் பெட்டி பற்றிய கதையில், அலாவுதீன் விளக்கின் சாயலைக் காணலாம்.

திறனாய்வாளர் சிலர் அந்நூலைக் கடிந்தனர். பேச்சுவழக்கை அச்சேற்றியது முறையன்று. குழந்தைகளுக்கு நீதி புகட்டாத கதைகளால் பயனில்லை. ஆசிரியர் இம்முயற்சியில் இனியும் காலத்தை வீணாக்கலாகாது என்பன அவர்தம் முடிவுகள். மாறாக, மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பை 1820இல் கண்டறிந்த அறிஞர் ஓர்ஸ்டெட், புதினம் ஆண்டர்சனுக்குப் புகழ் தருமெனில் இக்கதைகள் அழியா வாழ்வு தரும் என்று கருதினார். ஆண்டர்சனே அதனை அப்போது நம்பவில்லை. ஆயினும் கதைகளைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

அவ்வாண்டு டிசம்பரிலேயே இரண்டாம் நூல் வெளிவந்தது. முன்னர்ச் சொல்லித் தோற்ற நாட்டுப்புறக் கதையை, வழித்துணைவன் ஒருவனைப் பற்றியதாக அதில் மீண்டும் சொன்னார். அணிகலன்களை எல்லாம் களைந்துவிட்டார். சிறிய அறை, நோயுற்ற தந்தை, அருகே துயருடன் அமர்ந்திருக்கும் மகன் என்று தொடங்குகிறது கதை. 1816இன் துயரத்தை அறிந்தோர்க்கு, அவ்வறை எவருடையது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கதை பழையது, ஆனால் ஐந்தாண்டு இடைவெளியில் கதைஞர் தம் குரலைக் கண்டடைந்திருந்தார். எதிரில் அமர்ந்து கேட்பாரிடம் சொல்லும் வாய்மொழி நடையே அக்குரல். 1837இல் கடற்கன்னியும் ஆடையற்ற பேரரசனும், 1843இல் அழகற்ற வாத்துக்குஞ்சும் அக்குரலிலேயே உயிர்பெற்றன.

ஒளி பெற்ற நகரம்

மகன் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது தாய் குறி கேட்டார் என்றும், அவன்பொருட்டு ஓடென்சே நகரம் ஒருநாள் ஒளிவெள்ளத்தில் திளைக்கும் எனக் குறிசொல்லி உரைத்தாள் என்றும் ஆண்டர்சன் தம் வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். 1867 டிசம்பர் 6ஆம் நாள் ஓடென்சே அவரை மதிப்புறு குடிமகனாக ஏற்றுத் தெருவெங்கும் விளக்கேற்றியது. அதனைக் காணத் தாய் இல்லை; அவர் 1833இலேயே மறைந்திருந்தார். பல்வலியால் வருந்தியவாறே மகன் அவ்வொளியைக் கண்டுநின்றார்.

1870இல் அவர் எழுதிய புதினத்தில், எளிய குடியிற் பிறந்த கலைஞன் ஒருவன் அலாவுதீன் கதையை இசைநாடகமாக்கி, அரங்கேற்ற நாளில் கரவொலிக்கிடையே உயிர்துறக்கிறான். தந்தை படித்துக் காட்டிய கதை அறுபத்தைந்தாம் அகவையிலும் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1875 ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

2012ஆம் ஆண்டு, டென்மார்க் ஆவணக் காப்பகம் ஒன்றில், ஒரு பெட்டியின் அடியில் பழைய கையெழுத்துப் படி ஒன்று கிடைத்தது. கொழுப்பால் வார்த்த மெழுகுத்திரி ஒன்றைப் பற்றிய சிறுகதை அது. பங்கெஃப்லோட் அம்மையாருக்கு உரிமையாக்கப்பட்டது. ஆண்டர்சன் பள்ளிப்பருவத்தில் எழுதியது என அறிஞர் பலர் கருதுவர். பலர் கைபட்டு அழுக்கேறி, எவராலும் மதிக்கப்படாது கிடந்த திரியின் உள்ளத்தூய்மையை உணர்ந்து, ஒரு சிக்கிமுக்கிப் பெட்டி அதனை ஏற்றிவைக்கிறது.

எழுதத் தடை விதிக்கப்பட்டிருந்த அந்நாளிலும், தமக்கு நூல் தந்த கைகளுக்குக் கதையாலேயே நன்றி செலுத்திய அந்த மாணவரின் உறுதி எண்ணற்குரியது. ஏற்பாரின்றிச் சோரும் இளங்கவிஞர், தம்மை முதன்முதல் மயக்கிய கதையையும் அதைச் சொன்ன குரலையும் நினைவில் மீட்டெடுப்பாராக. அணையாத் தீப்பொறி ஒன்று அங்கே காத்திருத்தல் கூடும்.