காணாத கிருமியோடு போராடிய கோல்மன்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் என் ஆயாவின் கத்தரித் தோட்டம் இருக்கிறது. சென்ற ஆண்டு அதில் நான்கைந்து செடிகள் மட்டும் கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டு அடர்ந்து நின்றன. இலைகள்தாம் சின்னஞ் சிறியவை. செடிகள் நன்றாகத் தழைக்கின்றன என்று மகிழ்ந்து, அவற்றுக்கே அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆயாவோ ஒரு நாள் காலையில் அவற்றை வேரோடு பிடுங்கித் தீயிலிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டபோதுதான் அது சிற்றிலை நோய் என்று அறிந்தேன். அந்நோயின் உறவான மற்றொரு நோயோடு போராடிய ஓர் அறிஞரின் வரலாற்றையும் அப்போதே தெரிந்துகொண்டேன். அவரே டாக்டர் லெஸ்லி சார்லஸ் கோல்மன்.

கோல்மன் 1878ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்தார். டொரன்டோவிலும், பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலும் உயர்கல்வி பயின்றார். 1908ஆம் ஆண்டில், முப்பது வயதில், கடல் கடந்து மைசூர் சமஸ்தானத்திற்கு வந்தார். பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் ஆராய்வதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி.

அப்போது மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் மழைக்காலம் வந்தாலே காய்கள் அழுகி உதிர்ந்தன. மக்கள் அதனைக் கொளெரோகம் என்று அழைத்தனர். அதற்குக் காரணமான பூஞ்சையைக் கோல்மன் ஆராய்ந்து கண்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழைக்கு முன்பே குலைகளில் தெளிக்கக் கற்றுக்கொடுத்தார். அக்கலவை இன்றும் அத்தோட்டங்களைக் காத்து வருகிறது.

மைசூர் வேளாண்மைத் துறையின் இயக்குநராக அவர் உயர்ந்தார். பெங்களூரை அடுத்த ஹெப்பாலில் 1913ஆம் ஆண்டில் வேளாண்மைப் பள்ளி தோன்றவும், 1925இல் பாலெஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் அமையவும் அவரே காரணமாக இருந்தார்.

ஆயினும் அவரை மிகவும் சோதித்தது சந்தன மரமே. சந்தனம் மைசூரின் பெருஞ்செல்வம். முதல் உலகப்போரால் ஐரோப்பாவுக்குக் கட்டை அனுப்புவது தடைப்படவே, 1916ஆம் ஆண்டில் சமஸ்தானமே சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அந்தச் செல்வத்திற்கு ஒரு பேராபத்து ஏற்கெனவே வந்திருந்தது. 1899ஆம் ஆண்டில் குடகில் முதன்முதலாகக் காணப்பட்ட ஸ்பைக் நோய் காடு காடாகப் பரவியது. நோயுற்ற மரத்தின் இலைகள் சிறுத்து, விறைத்து, கிளையெங்கும் நெருங்கிக் கதிர்போல் நிற்கும். பூவும் காயும் நின்றுபோகும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும்.

மண்ணின் குறை என்றனர் சிலர். வறட்சி என்றனர் சிலர். காட்டுத் தீ என்றனர் வேறு சிலர். கோல்மன் வாதம் செய்துகொண்டிராமல் சோதனையில் இறங்கினார். நோயுற்ற மரத்தின் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக் கட்டினார். நல்ல மரத்திற்கும் நோய் வந்தது! இது தொற்றுநோயே என்று 1917ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். கிருமி எதுவும் நுண்ணோக்கியில் தென்படவில்லை. ஆயினும் தம் சோதனை காட்டிய உண்மையை அவர் கைவிடவில்லை.

1934ஆம் ஆண்டில் மைசூர்ப் பணியிலிருந்து விடைபெற்ற கோல்மன், 1954ஆம் ஆண்டில் மறைந்தார். அக்கிருமியைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1967இல், ஜப்பான் நாட்டு அறிஞர் யோஜி டோயும் அவருடைய தோழர்களும் மல்பெரி முதலிய செடிகளில் இத்தகைய கிருமிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டனர். 1969இல் சந்தன மரத்திலும் அவை காணப்பட்டன. இவை செல்சுவர் இல்லாத பாக்டீரியாக்கள். இன்று பைட்டோபிளாஸ்மா எனப்படுகின்றன. செடியின் உணவுக் குழாய்களில் வாழும் இவற்றைச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் செடிக்குச் செடி சுமந்து செல்கின்றன. கத்தரியின் சிற்றிலை நோயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது ஒரு தொற்றுநோய் என்பதை 1939ஆம் ஆண்டில் கே. எம். தாமஸ், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகியோர் எடுத்துரைத்தனர்.

இக்கிருமிகளின் சூழ்ச்சியைக் கேட்டால் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வினத்தின் ஒரு வகையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அக்கிருமி சில புரதங்களைச் சுரந்து செடிக்குள் அனுப்புகிறது. ஒரு புரதம் பூவை உருவாக்கும் கட்டளைகளை அழிக்கிறது. பூ வரவேண்டிய இடத்தில் இலை வருகிறது. மற்றொன்று கிளைகளைத் துடைப்பம்போல் பெருக்குவதோடு, பூச்சியை எதிர்க்கும் செடியின் ஆற்றலையும் குறைக்கிறது. தத்துப்பூச்சிகள் அங்கே தங்கி முட்டையிட்டுப் பெருகுகின்றன. செடி உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் தனக்காக அல்ல, கிருமிக்காகவும் பூச்சிக்காகவும் வாழ்கிறது. நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது கத்தரியை அன்று, அதன் பகைவனை!

தோழியரே, தழைப்பதெல்லாம் நலமன்று என்பதை அந்தச் செடிகள் எனக்குக் கற்பித்தன. பள்ளிக்கூடம் சென்றறியாத என் ஆயா, மற்றச் செடிகளைக் காக்கவே அவற்றைப் பிடுங்கினார். அந்த அனுபவ அறிவை இன்று நான் மதிக்கிறேன். கோல்மனோ கண்ணுக்குத் தெரிந்த சான்றை விட்டுவிடாமலும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமலும் உழைத்தார். தாம் தொடங்கிய பணியின் முடிவைக் காணாமலே சென்றார். ஆனால் அடுத்தவர் நடப்பதற்கு வழியை விட்டுச் சென்றார். நாமும் முடிவைக் காண்போமா என்று எண்ணித் தயங்காமல், நம் பங்கை உண்மையாகச் செய்வோமாக!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு