கோபுரங்கள் கட்டிய மார்கோனி வழி மாற்றிய கதை

வானொலி என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது மார்கோனி. அவர் வாழ்க்கையில் பாடப்புத்தகம் சொல்லாத ஒரு பகுதி உண்டு.

குலியெல்மோ மார்கோனி 1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் பொலோனியா நகரில் பிறந்தார். தந்தை வசதியான நிலக்கிழார், தாய் அயர்லாந்துக்காரர். பட்டப்படிப்பு இல்லை. வீட்டுப் பரணில் சோதனை செய்தவர், 1895-இல் குன்றுக்கு அப்பால் சுமார் 2 கிலோமீட்டர் தூரம் கம்பியில்லாமல் சைகை அனுப்பினார். மறுவருடம் தாயுடன் இங்கிலாந்து சென்று காப்புரிமை கோரினார்.

1901 டிசம்பர் 12. இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளை, சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அங்கே அவருடைய ஆன்டெனா, பட்டத்தில் கட்டி உயரே விட்ட ஒரு கம்பி. கேட்டது அவரும் உதவியாளரும் மட்டுமே. பதிவு ஏதும் இல்லை. அதுவும் பகல் நேரம். அதனால் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அடுத்த ஆண்டு கப்பலில் போய்ச் சோதித்தார். இம்முறை சைகைகள் நாடாவில் பதிவாயின. பகலில் சுமார் 1,100 கிலோமீட்டருக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. இரவிலோ சுமார் 2,500 கிலோமீட்டர் வரை முழுச் செய்தி வந்தது. வெயிலில் உருவாகும் கீழ் அயனி அடுக்கு அலையை விழுங்குகிறது, இரவில் அது கலைந்ததும் மேல் அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது என்ற விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது.

பகலிலும் செய்தி போக வேண்டுமே! அதற்கு மார்கோனி பிடித்த வழி நெட்டலை. அதிர்வெண் குறைந்தால் அலை தரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும். ஆனால் அலை நீளமாக ஆக, ஆன்டெனாவும் மின்சக்தியும் பெருத்துக்கொண்டே போயின. 1907-இல் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் இடையே சேவை தொடங்கியபோது அலைநீளம் பல ஆயிரம் மீட்டர். 1909-இல் பிரௌனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

200 மீட்டருக்குக் கீழே உள்ள அலைகள் உதவாதவை என்று அமெரிக்கச் சட்டம் 1912-இல் அவற்றை ஹாம் வானொலிப் பொழுதுபோக்காளர்களிடம் தள்ளிவிட்டது. அவர்களோ 1923-இல் சுமார் 100 மீட்டர் அலையில், சிறு கருவிகளை வைத்தே, அட்லாண்டிக்கைக் கடந்து பேசிக்கொண்டார்கள்.

அதே 1923-இல் மார்கோனியும் தன் எலெட்ரா கப்பலில் சிற்றலைகளைச் சோதித்தார். முடிவு தெளிவாக இருந்தது. இருபது வருட உழைப்பும் பெரும் முதலீடும் நெட்டலையில் இருந்தும் வழியை மாற்றினார். 1926 முதல் அவருடைய சிற்றலைக் கற்றை நிலையங்கள் மிகக் குறைந்த மின்சக்தியில் கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியாவை இங்கிலாந்துடன் இணைத்தன.

குறையும் சொல்ல வேண்டும்: 1923-இல் முசோலினியின் கட்சியில் சேர்ந்த அவர் கடைசிவரை அதில் இருந்தார். 1937 ஜூலை 20 அன்று ரோமில் காலமானார். அவருக்காக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

அவர் கப்பலில் கண்டதை நம் ஃபிளாட்டிலும் பார்க்கலாம். பழைய ரேடியோ இருந்தால் இரவு 9 மணிக்கு மேல் மீடியம் வேவில் ஜன்னலோரம் வையுங்கள். எல்.இ.டி. விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிட்டு, ரேடியோவை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் ஆன்டெனாவுக்குத் திசை முக்கியம். பகலில் கேட்காத வெளியூர் நிலையங்கள் கேட்கும்.