இறங்கும் வித்தையை மறந்த பறவை மனிதர்

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளுக்கு மேலே வட்டமிடும் பருந்துகளை நாள்தோறும் காணும் வாசகரே! ஒரு பறவை தரையிறங்கும் கணத்தை என்றேனும் உற்று நோக்கியதுண்டா? அது உடலை நிமிர்த்தி, வாலை விசிறிபோல் விரித்து, வேகத்தைத் தணித்துக்கொண்ட பின்னரே காலூன்றுகிறது. சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் இறங்கும் விமானமும் வால் பகுதியின் துணைகொண்டே மூக்கை உயர்த்தித் தரை தொடுகிறது. இச்சிறு உண்மையைக் கவனியாது விட்டதால் பெருங்காயமுற்ற ஒரு பேரறிஞரின் வரலாற்றை இன்று காண்போம்.

அவர்தாம் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். ஸ்பெயின் நாட்டின் ரோந்தா பகுதியில் கி.பி. 810ஆம் ஆண்டளவில், பெர்பர் மரபில் பிறந்தவர். முஸ்லிம்கள் ஆண்ட குர்துபா நகரில் வாழ்ந்து, உமையா அமீர்களின் அவையில் கவிஞராகவும் வானியல் அறிஞராகவும் விளங்கினார். கண்ணாடி செய்யும் முறையொன்றைக் கண்டறிந்தார். நேரம் காட்டும் நீர்க்கடிகாரம் ஒன்றை அமைத்தார். தம் இல்லத்து அறையொன்றில் விண்மீன்களும் மேகங்களும் மின்னலும் இடியும் தோன்றுமாறு செய்து காண்போரை வியக்க வைத்தார் என்பர்.

இத்தகையவர்க்குப் பறக்கும் ஆவல் பிறந்ததில் வியப்பென்ன? கி.பி. 875ஆம் ஆண்டளவில், அறுபத்தைந்து வயதை எட்டிய நிலையில், உடலைச் சிறகுகளால் மூடிக்கொண்டு, தாமே செய்த இரு இறக்கைகளைப் பூட்டி உயரமான ஓரிடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார். கணிசமான தூரம் பறக்கவும் செய்தார். ஆயினும் இறங்குகையில் வேகத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லை. தரையில் மோதி முதுகில் பலத்த அடிபட்டார். பதினேழாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ இதற்கான காரணத்தையும் பதிந்துள்ளார். பறவைகள் இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகின்றன என்பதை இப்னு ஃபிர்னாஸ் அறியவில்லை. தமக்கு ஒரு வாலை அமைத்துக்கொள்ளவுமில்லை.

சிந்தித்துப் பாருங்கள். இறக்கைகள் முறியவில்லை, காற்று வஞ்சிக்கவில்லை. எழும்புவதற்குச் செய்த ஏற்பாட்டை இறங்குவதற்குச் செய்யாததே பிழை. அதன்பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 274, கி.பி. 887இல் அவர் மறைந்தார்.

ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இப்பிழை மறையவில்லை. தனியார் தாமே கட்டிப் பறக்கும் சிறு விமானங்களின் விபத்துகளைப் பற்றி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவ்விபத்துகளில் பெரும்பகுதி, விமானம் புதிதாகப் பறக்கத் தொடங்கிய காலத்திலோ, அது வேறொருவர் கைக்கு மாறிய சிறிது காலத்திலோ நேர்வதாக அது கண்டது. அந்த விமானத்தின் இயல்பை முழுதும் அறியுமுன்னரே பறப்பவர் வானேறி விடுகிறார். ஆகவே, முறையான சோதனைப் பறப்பும் தனிப் பயிற்சியும் வேண்டும் என்று வாரியம் வற்புறுத்தியது.

இது வானில் பறப்போர்க்கு மட்டும் உரிய பாடமன்று. நம் சேலம், நாமக்கல் குடும்பங்களில் லாரி ஓட்டுவோர் எத்தனை பேர்! தொப்பூர்க் கணவாயின் சரிவில் இறங்கும் ஓட்டுநர், டீசலை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்துவிட்டால் பாரம் ஏற்றிய வண்டியை எதைக்கொண்டு அடக்குவார்? இறக்கத்தில் வாலாக நின்று காப்பது கியரும் பிரேக்கும் அன்றோ? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நாம் சிறுவயதில் கற்ற பாடம். பிரேக்கைச் சோதியாது வண்டியை எடுத்துவிட்டு விதியின்மேல் பழி போடுவது முறையாகுமா?

சந்திரனின் மறுபுறத்துப் பள்ளமொன்று 1976 முதல் இப்னு ஃபிர்னாஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய துணிவை உலகம் போற்றட்டும். நாமோ, உங்கள் மகன் நாளை வண்டிச் சாவியை எடுக்கும்போது, அவர் மறந்த வாலையும் அவனுக்கு நினைவூட்டுவோமாக!