நாள் குறித்துக் காத்திருந்த வித்வான்குட்டி: ஒரு வாழ்வும் அது விட்டுச்சென்ற பாடமும்

கோத்தா கோலா மூடா: 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று நண்பகலைத் தாண்டிய வேளையில் கோத்தா கோலா மூடா கடற்கரையில் சுனாமி புகுந்தது. படகுகளும் வீடுகளும் நொறுங்கின. நாடு முழுவதும் 68 பேர் உயிரிழந்தனர்.

இப்படி ஒரு பேரிடர் வரும்போதெல்லாம் கிறிஸ்தவர்களிடையே ஒரு கேள்வி எழுவது வழக்கம். வேதத்தில் சொல்லப்பட்ட கடைசி நாட்கள் இவைதானா? நியாயத்தீர்ப்பு நெருங்கிவிட்டதா? நோய்த்தொற்று பரவினாலும் இதே கேள்விதான், போர் மூண்டாலும் இதே கேள்விதான். அதற்கு அடுத்தபடியாக யாராவது ஒருவர் கணக்குப் போட்டு ஒரு தேதியையும் சொல்லிவிடுவார்.

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு தேதியை நம்பித் தம் பதவியையும் பெயரையும் பணயம் வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஊழியம் செய்தது கேரளத்தில், பாடல் எழுதியது மலையாளத்தில். யுஸ்தூஸ் யோசேப்பு என்பது அவர் பெயர். வித்வான்குட்டி என்று சொன்னால்தான் மலையாளக் கிறிஸ்தவர்களுக்கு உடனே தெரியும். கெடா தோட்டங்களில் தமிழர்களோடு மலையாளிகளும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தவர்கள்தான். அவர்கள் பாடிவந்த பழைய கீர்த்தனைகளில் சில இவர் எழுதியவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ராமய்யன் யுஸ்தூஸ் ஆன கதை

1835-ஆம் ஆண்டு பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமய்யன். பின்னர் குடும்பம் தெற்கே, கொல்லம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றார். இளமையிலேயே புலமை பெற்றதால் வித்வான்குட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அது போகவில்லை.

அவர் மனத்தைத் திருப்பியதில் ஒரு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பிரயாணம்தான் அது. தான் வாழும் நகரம் நெருப்பால் அழியப்போகிறது என்று அறிந்த ஒரு மனிதன், முதுகில் பாரச் சுமையோடு வீட்டைவிட்டுப் புறப்படுவதில் அந்தக் கதை தொடங்குகிறது. இதே நூலைத் தழுவித்தான் எச்.ஏ.கிருஷ்ணப்பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற தமிழ்க் காப்பியத்தைப் பாடினார். அது 1894-இல் வெளிவந்தது. ஒரே நூல் தமிழுக்கு ஒரு காப்பியத்தையும் மலையாளத்துக்கு ஒரு பாடலாசிரியரையும் கொடுத்தது எனலாம்.

மாவேலிக்கரையில் அப்போது ஜோசப் பீட் என்ற மிஷனரி ஊழியம் செய்துவந்தார். அவரிடம் ராமய்யன் 1861-இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு 25 வயது. யுஸ்தூஸ் யோசேப்பு என்ற பெயர் அன்று வந்தது.

அன்றைய திருவிதாங்கூரில் இது சாதாரணக் காரியம் அல்ல. ஒரு பிராமணர் கிறிஸ்தவரானால் சாதியும் உறவும் அவரைக் கைவிடும். கோயில், குளம், தெரு என எல்லாமே சாதிக் கணக்கில் அளக்கப்பட்ட காலம் அது. அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதே 1855-இல்தான். அவர் சேர்ந்த சபையிலோ, முன்னாள் அடிமைகளும் ஞானஸ்நானம் பெற்று உட்கார்ந்திருந்தார்கள். தாம் பிறந்த உலகை ஒரு முறை முழுவதுமாக விட்டு வந்தவர் யுஸ்தூஸ் யோசேப்பு. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றார். கருநாகப்பள்ளிக்கு அருகிலுள்ள கன்னேற்றி அவருடைய ஊழியத்தின் மையமானது. கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். அதுவரை ஆங்கில மெட்டுகளில் பாடிவந்த சபைகளுக்குத் தங்கள் மண்ணின் இசையிலேயே துதிக்க ஒரு வழி பிறந்தது.

மலையைத் தாண்டி வந்த எழுப்புதல்

திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் இருந்தார். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர் அவர். கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கியவரும் அவரே. 1860-இல் அவர் நடத்திய கூட்டங்களில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. மக்கள் தங்கள் பாவங்களை எண்ணி அழுதார்கள். சிலர் தரிசனம் கண்டதாகவும் தீர்க்கதரிசனம் உரைத்ததாகவும் அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. அருளப்பன் 1867-இல் மறைந்தார்.

அந்த எழுப்புதலின் தாக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியது. 1873-இல் திருவிதாங்கூரிலும் அதே போன்ற ஓர் எழுப்புதல் பரவியது. யுஸ்தூஸ் யோசேப்பும் அவருடைய சகோதரர்களும் அதில் முன்னணியில் நின்றார்கள். ஆங்கிலிக்கன் சபையாரும் சிரியன் கிறிஸ்தவர்களும் அவரிடம் திரண்டார்கள்.

எழுப்புதல் கூட்டங்களில் நியாயத்தீர்ப்பைப் பற்றிய பிரசங்கம் முக்கிய இடம் பெறும். தானியேல் புத்தகத்தின் மிருகங்களும் வாரக் கணக்கும், வெளிப்படுத்தின விசேஷத்தின் எக்காளங்களும் ஆயிரமாண்டு அரசாட்சியும் வெள்ளைச் சிங்காசனமும் கேட்பவர் நெஞ்சை உலுக்கும். கணக்குப் பார்க்கும் ஆசையும் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது. எண்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும் போலத் தோன்றுகிறது.

ஆறு ஆண்டுக் காத்திருப்பு

1875-இல் திருப்பம் வந்தது. ஆறு ஆண்டுகளில், அதாவது 1881 அக்டோபரில், கிறிஸ்து மீண்டும் வருவார் என்று எழுப்புதல் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வெளிப்பாடாகச் சொன்னார். யுஸ்தூஸ் யோசேப்பு அதை ஏற்றுக்கொண்டார். தாமே பிரசங்கித்தார்.

ஆங்கிலிக்கன் சபை இதை ஏற்கவில்லை. அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர வேறு எவரும், தூதர்களும்கூட அறியார்கள் என்பது மத்தேயு சுவிசேஷம் 24-ஆம் அதிகாரத்தின் போதனை. அதை எடுத்துச் சொல்லியும் அவர் மாறவில்லை. சபையிலிருந்து பிரிந்தார். உணர்வு சபை என்ற தனிச் சபை உருவானது. மிஷனரிகள் அவர்களை ஆறாண்டுக் கட்சியார் என்று அழைத்தார்கள்.

அந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளேயே சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். பிழைக்க வழி தேடி இலங்கைக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். நம் முன்னோர் சிலரின் பயணம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். உலகின் முடிவு வருகிறது என்று நம்பியிருந்தவர்களுக்கு, சுற்றிலும் நடந்தவை எல்லாம் அடையாளமாகவே தெரிந்திருந்தால் வியப்பில்லை.

1881 அக்டோபர் வந்தது. அந்த நாளும் வந்தது. வானம் திறக்கவில்லை. மறுநாள் பொழுது எப்போதும்போல் விடிந்தது.

பொழுது விடிந்த பிறகு

உலக வரலாற்றில் இது முதல் தடவை அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டுப் பிரசங்கித்தார். கடைசியில் அவர் கூட்டத்தார் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. அறுவடை செய்யாமல் வயலை விட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. அந்த நாளும் வெறுமனே கடந்தது. வரலாற்றில் அதற்குப் பெரும் ஏமாற்றம் என்றே பெயர். அண்மையில், 2011 மே 21-ஐக் குறித்த ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியின் விளம்பரங்கள் பல நாடுகளுக்குச் சென்றன. அவரும் பின்னர் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார்.

யுஸ்தூஸ் யோசேப்பு ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்பார்த்தது கண்ணுக்குத் தெரியாத விதத்தில் நிறைவேறிவிட்டது, புதிய யுகம் பிறந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார். 1881-ஐத் தொடக்கமாகக் கொண்டு யுயோமய சபை என்ற புதிய சபையை ஏற்படுத்தினார். யுஸ்தூஸின் யு, யோசேப்பின் யோ இரண்டும் அந்தப் பெயரில் ஒலிக்கின்றன. கிறிஸ்தவத்தோடு இந்து சமயக் கூறுகளையும் இணைத்து, எல்லா மதத்தாரையும் ஒன்றுசேர்க்கும் வழி என்று அதை முன்வைத்தார்.

பலர் மனமுடைந்து தங்கள் பழைய சபைகளுக்கே திரும்பிப் போனார்கள். ஒரு சிறு கூட்டம் அவரோடு நின்றது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1887-இல், ஐம்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே அவர் காலமானார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமாகாது. தாம் சொன்னதை அவரே முதலில் நம்பினார். பதவியை இழந்தார், மதிப்பை இழந்தார். ஆனாலும் அவர் சொல்லை நம்பி வந்தவர்களுக்கு நேர்ந்த இழப்பும் உண்மை. ஒரு போதகர் தேதி சொல்லும்போது, அவருடைய பெயர் மட்டும் ஆபத்தில் இல்லை. அவரை நம்பியவர்களின் விசுவாசமும் அந்தத் தேதியில் அடகு வைக்கப்படுகிறது. தேதி பொய்த்தால் வேதமே பொய்யோ என்று அவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.

தீர்க்கதரிசிகள் எதைக் கேட்டார்கள்?

வேதத்தின் தீர்க்கதரிசிகளை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். கர்த்தருடைய நாள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களை ஆமோஸ் எச்சரித்தார். ஏழைகளை மிதித்துக்கொண்டே அந்த நாளுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது வெளிச்சமாக இராது, இருளாகவே இருக்கும் என்பது அவர் செய்தி. நியாயந்தீர்க்க வரும் கடவுள் யாருக்கு விரோதமாகச் சாட்சி சொல்வார் என்று மல்கியா பட்டியலிடும்போது, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்பவர்களையும் சேர்த்தே சொல்கிறார். விடியற்காலைப் பெரட்டில் நின்று, நாள் முழுவதும் பால் வெட்டி, மாதக் கடைசியில் கூலி குறைந்ததைக் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தின் கனம் தெரியும்.

இயேசு சொன்ன கடைசி நியாயத்தீர்ப்பின் காட்சி மத்தேயு 25-இல் உள்ளது. அங்கே நிற்பவர்களிடம் தேதியைச் சரியாகக் கணித்தாயா என்று கேட்கப்படுவதில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு போட்டதா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டதா, நோயாளியையும் சிறையில் இருந்தவனையும் போய்ப் பார்த்ததா என்பவைதான் அங்கே கணக்கில் வருகின்றன. அதே அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னிகைகள் உவமையில், மணவாளன் வரும் நேரம் பத்துப் பேருக்குமே தெரியாது. ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது என்பதே வித்தியாசம்.

விழித்திருங்கள் என்ற கட்டளைக்குப் பொருள் இதுதான். நேரம் தெரிந்துவிட்டால் விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி நாளுக்கு முந்திய நாள் எழுந்தால் போதும். நேரம் தெரியாததால்தான் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக வாழ வேண்டியிருக்கிறது.

யுஸ்தூஸ் யோசேப்பு குறித்த நாள் கடந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. யுயோமய சபை சிறு கூட்டமாகவே சுருங்கிப்போனது. ஆனால் அவர் எழுதிய கீர்த்தனைகள் மார்த்தோமா, சிஎஸ்ஐ உள்ளிட்ட சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் இடம்பெற்றுள்ளன. அவரை விலக்கிவைத்த சபையின் வழிவந்தவர்களே இன்று அவற்றைப் பாடுகிறார்கள். அவருடைய கணக்கை யாரும் இப்போது பின்பற்றுவதில்லை. அவர் பாடிய நன்றியும் துதியும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதிதாக ஒலித்துக்கொண்டிருக்கின்றன.