உலகின் முதல் புரோகிராம் 'பக்'கோடுதான் ரிலீஸ் ஆனது: அடா லவ்லேஸ் ஏன் காத்திருக்கவில்லை?

நாளை ரிலீஸ். இன்று மதியம் யாரோ ஒருவர் வந்து, கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்கிறார். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. கம்ப்யூட்டரே இல்லாத 1843-ல், லண்டனில் 27 வயதுப் பெண் ஒருவருக்கும் இதே தலைவலி வந்தது.

அடா லவ்லேஸ் பிறந்தது 1815 டிசம்பர் 10. அப்பா கவிஞர் பைரன். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மகளுக்கு அப்பாவின் கவிதைக் கிறுக்கு பிடித்துவிடக் கூடாது என்று அம்மா கணக்கைப் படிக்க வைத்தார். பிறகு அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம மதுரை!

17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார் அடா. பாபேஜ் பெரிய மூளைக்காரர், ஆனால் எதையும் முடிக்காதவர். ஒரு கணக்கு இயந்திரத்துக்கு அரசிடம் 17,000 பவுண்டுக்கு மேல் செலவு வைத்தார். அது முடியும் முன்பே, அதைவிடச் சிறந்த 'அனலிட்டிக்கல் எஞ்சின்' என்று வேறொன்றை வரையத் தொடங்கிவிட்டார். 1842-ல் அரசு கைவிரித்தது.

அதே ஆண்டு, இத்தாலியரான மெனாப்ரியா இந்தப் புது எஞ்சினைப் பற்றி பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அடா, கூடவே ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டன. கடைசிக் குறிப்பில்தான் அந்த அட்டவணை: பெர்னூலி எண்களை இயந்திரம் படிப்படியாகக் கணக்கிட 25 கட்டளைகள். பலரும் முதல் புரோகிராம் என்று சொல்வது இதைத்தான்.

1843 ஜூலை முழுக்க டெட்லைன் ஓட்டம். பாபேஜ் அனுப்பிய கணக்கில் ஒரு பெரிய தப்பை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அடாவின் எழுத்தில் பாபேஜ் கை வைக்க, அவருக்குக் கோபம் வந்தது. பென்சிலில் போட்ட அட்டவணைக்கு மேல் கணவரே உட்கார்ந்து மை தடவிக்கொடுத்தார்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் பாபேஜ் குண்டைத் தூக்கிப் போட்டார். அரசைத் திட்டி, கையெழுத்தில்லாமல் ஒரு முன்னுரை சேர்க்க வேண்டும் என்றார். பெயர் போடாமல் வெளியிட மாட்டோம் என்றது பத்திரிகைத் தரப்பு. அப்படியானால் கட்டுரையையே வாபஸ் வாங்கிவிடு என்று அடாவிடம் கேட்டார் பாபேஜ். அடா முடியாது என்றுவிட்டார். கொடுத்த வாக்கை மீற அவர் தயாராக இல்லை. இனி சேர்ந்து வேலை செய்வதென்றால் என்னென்ன நிபந்தனைகள் என்று 16 பக்கக் கடிதமும் எழுதினார். பாபேஜ் அதை ஏற்கவில்லை. ஆனாலும் நட்பு முறியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. தப்புகளோடுதான்! நான்காவது கட்டளையில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிக் கிடந்தன. இன்னொன்று கொஞ்சம் வேடிக்கை. பிரெஞ்சு அச்சில் 'நேர்வு' என்ற சொல் ஓர் எழுத்து மாறி 'காஸ்', அதாவது முக்கோணவியல் கொசைன், ஆகியிருந்தது. அதையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டார் அடா. ஓட்டிப் பார்க்க இயந்திரம் இருந்திருந்தால் நான்காவது வரித் தப்பு முதல் ரன்னிலேயே சிக்கியிருக்கும். ஆனால் எஞ்சின் காகிதத்தில்தானே இருந்தது! பாபேஜ் 1871-ல் இறக்கும்வரை அது முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. எஞ்சினுக்காகக் காத்திருந்தால் குறிப்புகளும் அலமாரியிலேயே தூங்கியிருக்கும்.

1852 நவம்பர் 27 அன்று, 36 வயதில், புற்றுநோயால் அடா இறந்தார். நினைவு தெரிந்து பார்த்தேயிராத அப்பாவின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். 1980-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய புரோகிராமிங் மொழிக்கு 'அடா' என்று பெயர் வைத்தது. அதன் தர எண் 1815, அவர் பிறந்த வருடம். அந்த நான்காவது வரியை இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே தட்டினால், விடை இப்போதும் தப்பாகத்தான் வரும்.