ஏரியைத் தேடிப் போன தம்பதிகள்

டான்யூப் நதிக்கரையில் விடின் என்று ஓர் ஊர். இப்போது அது பல்கேரியா நாட்டில் இருக்கிறது. 1859-ம் ஆண்டில் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது.

அங்கே அடிமைகளை ஏலம் விட்டார்கள். ஆடு மாடுகளை ஏலம் விடுவது போல, ஆண்களையும் பெண்களையும் நிறுத்தி வைத்து விலை கேட்டார்கள்.

அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி, புளோரன்ஸ். வயது சுமார் 17. டிரான்சில்வேனியா என்ற மலைநாட்டில் பிறந்தவள். 1848-ல் அங்கே மூண்ட புரட்சியில் குடும்பத்தை இழந்து அனாதை ஆனவள்.

அந்த வழியாக ஓர் இங்கிலீஷ்காரர் வந்தார். அவர் பெயர் சாமுவேல் பேக்கர். வயது 37. பஞ்சாப் அரசை இழந்த மகாராஜா துலீப் சிங்குடன் வேட்டைக்கு வந்தவர்.

பேக்கர் ஊர் ஊராகச் சுற்றியவர். இலங்கையில் நுவரெலியா மலையில் பண்ணை வைத்து, பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1855-ல் அவருடைய மனைவி விஷக் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நான்கு பெண் குழந்தைகளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, மனம் போனபடி திரிந்து கொண்டிருந்தார்.

ஏலத்தில் நின்ற பெண்ணைக் கண்டார். மனம் இளகினார். அவர் விலை கேட்டார் என்றும், ஊர்த் தலைவரான பாஷா அதற்கு மேல் கேட்டுவிட்டார் என்றும், காவலர்களுக்குப் பணம் கொடுத்து அவளைத் தப்புவித்து அழைத்துப் போனார் என்றும் அவர் குடும்பத்தில் சொல்வார்கள்.

அன்று முதல் இருவரும் பிரியவில்லை.

நைல் நதியின் தாய் எது?

அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களை ஒரு கேள்வி ஆட்டிப் படைத்தது. எகிப்தை வாழவைக்கும் நைல் நதி எங்கே உற்பத்தி ஆகிறது? இதைக் கண்டுபிடிக்க பேக்கர் ஆசைப்பட்டார். 1861-ல் கெய்ரோ நகரில் இருந்து புறப்பட்டார். புளோரன்சும் கூடவே புறப்பட்டாள்.

முதல் ஓர் ஆண்டு, அபிசீனிய மலைகளில் இருந்து வரும் கிளை நதிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். கூடாரமே வீடு. ஒட்டகமே வண்டி. இருவரும் அரபு மொழி கற்றுக்கொண்டார்கள்.

1862 டிசம்பரில் கார்ட்டூம் நகரில் இருந்து தெற்கே கிளம்பினார்கள். 3 படகுகள். ஒட்டகம், குதிரை, கழுதை என்று 29 மிருகங்கள். ஆட்கள் ஏறக்குறைய 100 பேர்.

கொண்டகோரோ என்ற இடத்தில், ஸ்பீக், கிராண்ட் என்ற இரண்டு பிரயாணிகள் எதிரே வந்தார்கள். விக்டோரியா ஏரியில் இருந்து நைல் பாய்வதை ஸ்பீக் கண்டு வந்திருந்தார். மேற்கே இன்னோர் ஏரி இருப்பதாகவும், அதை நேரில் பார்க்க முடியவில்லை என்றும் அவர் சொன்னார். பேக்கர் தம்பதிகளுக்கு அது போதும். அந்த ஏரியைத் தேடிப் போக முடிவு செய்தார்கள்.

கூலிக்கு வந்தவர்கள் கலகம் செய்தார்கள். அவர்களுக்கு ஊர்களைக் கொள்ளை அடிப்பதில்தான் ஆசை. கைகலப்பு முற்றியது. காய்ச்சலில் படுத்திருந்த புளோரன்ஸ் எழுந்து ஓடி வந்தாள். நடுவில் புகுந்து சமாதானம் செய்தாள். கலகம் அடங்கியது.

வழியில் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்தன. இருவரும் எருதுகளின் மேல் ஏறிப் போனார்கள். கொயினா மருந்தும் தீர்ந்துவிட்டது.

மனைவியைக் கேட்ட மன்னன்

1864 தொடக்கத்தில் புன்யோரோ நாட்டை அடைந்தார்கள். ஏரிக்குப் போக அந்நாட்டு மன்னர் கம்ராசியின் அனுமதி வேண்டும். மன்னர் என்று வந்தவர் பரிசு மேல் பரிசு கேட்டார். கடைசியில் புளோரன்சை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்!

பேக்கர் கைத்துப்பாக்கியை எடுத்து அவர் மார்புக்கு நேரே நீட்டினார். புளோரன்சும் எழுந்தாள். கண் சிவக்க, அரபு மொழியில் அவரைக் கண்டித்தாள். அந்த ஆள் பயந்து வழி விட்டார். அவர் உண்மையில் மன்னரே இல்லை, மன்னரின் தம்பி என்பது பிறகுதான் தெரிந்தது.

மண்வெட்டி தயார்

மறு ஆபத்து உடனே வந்தது. நீரின் மேல் செடி கொடிகள் பாய் போல மிதக்கும் ஓர் ஆற்றை நடந்து கடந்தார்கள். பேக்கர் திரும்பிப் பார்த்தார். புளோரன்ஸ் முகம் கறுத்து, நீருக்குள் அமிழ்ந்து கொண்டிருந்தாள். கடும் வெயில் தாக்கிவிட்டது.

அவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பல நாள் நினைவே இல்லை. நினைவு வந்தபோது பிதற்றினாள். அவள் பிழைக்கமாட்டாள் என்று ஆட்கள் எண்ணினார்கள். குழி வெட்டும் கருவிக்குப் புதிதாகப் பிடியும் போட்டு வைத்தார்கள்.

இரவும் பகலும் கண்விழித்த பேக்கர் ஒரு நாள் அயர்ந்து தூங்கிவிட்டார். விடிந்ததும் பதறி எழுந்தார். புளோரன்ஸ் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண் திறந்தாள். கண்ணில் தெளிவு இருந்தது.

1864 மார்ச் 14-ந் தேதி. ஒரு மலை உச்சியில் ஏறினார்கள். கீழே கடல் போல ஏரி! அக்கரையில் நீல மலைத்தொடர். செங்குத்தான பாதையில், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இறங்கினாள் புளோரன்ஸ். பேக்கர் ஏரி நீரை வயிறாரக் குடித்தார்.

விக்டோரியா ராணியின் காலஞ்சென்ற கணவர் பெயரால் "ஆல்பர்ட் ஏரி" என்று பெயர் வைத்தார். கரையில் வாழ்ந்த மக்களுக்கு அது புதிய ஏரி அல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய ஏரிதான். ஏரியின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். அது இன்னும் மிகப் பெரியது என்று பேக்கர் தவறாக எண்ணினார்.

இருவரும் தோணியில் 13 நாள் போனார்கள். புயலில் சிக்கித் தப்பினார்கள். விக்டோரியா ஏரியில் இருந்து வரும் நைல், குறுகிய பாறை இடுக்கில் பாய்ந்து விழுவதைக் கண்டார்கள். அதுதான் மர்ச்சிசன் அருவி.

திரும்பும் வழியில், சுமை தூக்குவோர் கைவிட்டு ஓடினார்கள். இரண்டு மாதம் பட்டினி. பக்கத்துப் பக்கத்தில் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்கள். அதிலும் பிழைத்தார்கள்.

கிடைத்ததும் கிடைக்காததும்

1865-ல் லண்டனில் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். மறு ஆண்டு பேக்கருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. ஆனால், கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து வாழ்ந்தவள் என்று, விக்டோரியா ராணி புளோரன்சைப் பார்க்க மறுத்துவிட்டார்.

1869-ல் எகிப்து அரசர் பேக்கரை அழைத்தார். தென் பகுதியைப் பிடித்து, அங்கே நடக்கும் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும்படி படை கொடுத்து அனுப்பினார். புளோரன்சும் போனாள். ஏலத்தில் நின்ற பெண், அடிமைகளை மீட்கப் போனாள்! பலர் விடுதலை பெற்றார்கள். ஆனால் தம் நாட்டைப் பிடிக்க வந்ததைப் புன்யோரோவின் இளம் மன்னர் கபலேகா எதிர்த்துப் போரிட்டார். 1872-ல் பேக்கரின் படை பின்வாங்கியது. அடிமை வியாபாரமும் அடியோடு ஒழியவில்லை.

1884-ல் கார்டன் என்ற தளபதி பேக்கரின் வீட்டுக்கு வந்தார். மீண்டும் சூடானுக்கு வரும்படி அழைத்தார். புளோரன்ஸ் இம்முறை சம்மதிக்கவில்லை. அவள் இல்லாமல் பேக்கர் போகமாட்டார். கார்டன் மட்டும் போனார். அடுத்த ஆண்டு கார்ட்டூமில் கொல்லப்பட்டார்.

பேக்கர் 1893 டிசம்பர் 30-ந் தேதி, தம் வீட்டில் காலமானார். புளோரன்ஸ் அதே வீட்டில் மேலும் 22 ஆண்டுகள் வாழ்ந்து, 1916-ல் கண் மூடினாள்.