ஏழையின் படியேறிய பேராசிரியர்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்குகளில் ஓர் அறையில் சிலர் மட்டும் கூடி அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். செபம் சொல்வார்கள். எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்த முதியவருக்கு மருந்து வாங்க வேண்டும், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று பேசுவார்கள். இறுதியில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. வின்சென்ட் தே பவுல் சபையின் இந்தக் கூட்டத்திற்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் 20 வயது மாணவர் ஒருவர். அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம்.

1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்த ஓசானாம், பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தார். தந்தை மருத்துவர், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தவர். இளமையில் ஓசானாமின் விசுவாசம் ஆட்டம் கண்டது. அவருக்கு மெய்யியல் கற்பித்த நுவாரோ அடிகளார் பொறுமையோடு அவரை வழிநடத்தினார். சந்தேகத்தின் வேதனையை அறிந்திருந்ததால், விசுவாசம் இல்லாதவர்களை அவர் ஒருபோதும் இகழ்ந்ததில்லை.

1831இல் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். அடுத்த ஆண்டே காலரா அந்நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. ஏழைகள் வாழ்ந்த நெருக்கடியான தெருக்களே அதிகம் பாதிக்கப்பட்டன. அக்காலத்தில் மாணவர்களின் விவாதக் கூட்டங்களில் திருச்சபைக்காக ஓசானாம் வாதாடி வந்தார். ஒருநாள் எதிர்தரப்பு மாணவர் ஒரு கேள்வி கேட்டார். திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே அக்கேள்வி. அது ஓசானாமின் உள்ளத்தைத் தைத்தது. வாதத்தால் பதில் சொல்ல முடியாது என்பதை உணர்ந்தார்.

1833 ஏப்ரல் 23, அவரது 20ஆம் பிறந்தநாள். அன்று ஆறு மாணவர்கள், வயதில் மூத்தவரான இம்மானுவேல் பய்யியுடன் கூடினார்கள். ஏழைகளுக்கு உதவுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்பித்தவர் ஓர் அருள்சகோதரி. பிறரன்பின் புதல்வியர் சபையைச் சேர்ந்த ரோசாலி ரெந்து, பாரிசின் மிக வறிய பகுதியான மூஃப்தாரில் உழைத்து வந்தார். அவர் மாணவர்களை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். வாசலில் நின்று காசு கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே சென்று அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதே இச்சபையின் பணிமுறையாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1834 முடிவதற்குள் குழு நூறு பேரைத் தாண்டியது. அதைப் பல கிளைகளாகப் பிரிக்கலாம் என்றார் ஓசானாம். பலர் எதிர்த்தார்கள், நண்பர்களை விட்டுப் பிரிய மனமில்லை. காரசாரமான விவாதங்களுக்குப் பின், 1835இல் குழு பங்கு வாரியாகப் பிரிந்தது. நண்பர்களின் நெருக்கத்தைவிட ஏழைகளின் தேவை பெரிது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் சபை பல நாடுகளுக்குப் பரவியது.

ஓசானாம் குருவாகவில்லை, துறவியாகவும் இல்லை. 1841இல் அமேலி சூலாக்ருவாவை மணந்தார். 1844இல் சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1845இல் மகள் மரி பிறந்தாள். குடும்பமும் வேலையும் பெருகியபோதும் ஏழைகளின் வீடுகளை அவர் மறக்கவில்லை.

1848 ஜூனில் பாரிசின் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; தெருக்களில் இரத்தம் ஓடியது. சமாதானம் பேச வருமாறு பேராயர் அஃப்ரிடம் வேண்டியவர்களில் ஓசானாமும் ஒருவர். பேராயர் சென்றார், குண்டடிபட்டு இறந்தார். அத்துயரத்திற்குப் பின்னும் ஓசானாம் ஏழைகளைப் பழிக்கவில்லை. தர்மம் மட்டும் போதாது, தொழிலாளருக்கு நீதியும் வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார்.

அவரது உடல்நிலை நலிந்தது. 1853இல், நாம் அன்னை மரியாவின் பிறப்பு விழாவையும் வேளாங்கண்ணிப் பெருவிழாவையும் கொண்டாடும் செப்டம்பர் 8 அன்று, 40ஆம் வயதில் மார்சேய் நகரில் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1997 ஆகஸ்ட் 22 அன்று பாரிசில் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். சகோதரி ரோசாலியும் 2003இல் அருளாளரானார்.

அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளிலும் அன்பியங்கள், மரியாயின் சேனை, இளையோர் இயக்கம் எனக் குழுக்கள் பல உண்டு. கொடியேற்றமும் தேர்பவனியும் அசனமும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால் ஆலயத்தைச் சுற்றி வாழும் இந்து, இஸ்லாமியச் சகோதரர் ஒருவர், இங்கே நீங்கள் இன்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால்? பங்குத்தந்தையாகிய நானும் முதலில் ஆண்டறிக்கையைத்தான் தேடுவேனோ என்று அஞ்சுகிறேன். ஓசானாம் அறிக்கையைத் தேடவில்லை. ஏழையின் வீட்டுப் படியேறினார். வரும் ஞாயிறு கூட்டம் முடிந்ததும், இருவர் இருவராக ஒரு வீட்டிற்காவது செல்வோம். அங்கே நமக்காகக் காத்திருப்பவர் யார் என்பதை நாம் அறிவோம்.